ஆறு மணிப் பட்டியல்

கண்டியில் லொறி அனுப்புகிறவர்களில் முதன்முதலாகக் கந்தோரில் கம்பியூட்டர் வைத்தவன் நான்தான். இல்லை என்று சொல்கிறவர்கள் கட்டுகஸ்தோட்டையில் என் லொறி யாட்டுக்கு வந்து என் முகத்துக்கு நேரே சொல்லட்டும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். லொறியின் பின்பலகையில் தொங்கிக்கொண்டு போன க்ளீனர். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் என் முதல் லொறியைக் கம்பளையில் வைத்துக் கொளுத்தினார்கள். சேஸிஸ் மட்டும் மிஞ்சியது. அந்தச் சேஸிஸை இழுத்து வந்து அதன்மேலேயே இன்னொரு லொறி கட்டி ஓட்டினேன். இன்றைக்குப் பதினெட்டு லொறி. யாரிடமும் கைகட்டி நின்றதில்லை.

ஒரே ஒருவர் முன்னால் மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரை எழுத மாட்டேன். எழுதினால், "ஆரைக் கேட்டு எழுதினனீங்கள்?" என்று கேட்கக்கூடியவர். யாட்டில் எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் மிஸ்தான்.

ஒரு தேயிலைக் கம்பனி பழசாகிவிட்டது என்று கழித்த கம்பியூட்டரை வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் அதை ஓட்ட ஒரு ஆள் வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. தெரிந்தவர் ஒருவர் மிஸ்ஸை அனுப்பினார். மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்பில் கம்பனிகளுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுக்கும் இடத்தில் வேலை பார்த்தவர். கலவரத்துக்குப் பிறகு அம்மாவோடு கண்டிக்கு வந்து ஒரு அறையில் இருந்தார். கறுப்புக் குடை, காதில் செருகிய பென்சில், ஒட்டியதுபோல இறுகிய உதடு. முதல் நாள் அவர் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தது ஒரு சைக்கிள் பம்ப். எதற்கு என்று கேட்டேன். "உங்கட யாட்டுத் தூசுக்கு," என்றார். தினமும் காலையில் அந்தப் பம்பால் கம்பியூட்டரின் பொத்தான்களுக்கு இடையில் காற்றடித்துவிட்டுத்தான் உட்காருவார்.

மூன்று வாரம் கம்பியூட்டரை அவர் தொடவே இல்லை. யாட்டில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு டிரைவர்மாரிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். எங்கே நிற்பீர்கள், எந்தக் கடையில் டெலிபோன் இருக்கிறது, எந்தச் சோதனைச்சாவடியில் எவ்வளவு நேரம் பிடிக்கும். சம்பளம் கொடுப்பது கதை கேட்கவா என்று எனக்குள் ஒரு புகைச்சல். அதன் பிறகு ஒரே மூச்சாக உட்கார்ந்து எழுதினார். எந்த லொறி, யார் ஓட்டுகிறார், எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எங்கே எப்போது சேர்ந்தது. இவ்வளவையும் கம்பியூட்டர் கேட்கும். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் இன்னொரு கட்டம் இருக்கும்: இதைச் சொன்னது யார்? தெரியாவிட்டால் 'தெரியாது' என்று போடவும் ஒரு பொத்தான் வைத்திருந்தார். புறப்படும் லொறிக்கு ஒரு தாள் அச்சாகி வரும். சோதனைச்சாவடியில் கையால் எழுதிய துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர்கள், அச்சடித்த தாளைக் கண்டதும் மரியாதையாகப் பார்த்தார்கள். அந்தப் பெருமை எனக்கு.

மாலை ஆறு மணிக்கு ஒரு பட்டியல் வரும். புறப்பட்டு இன்னும் வந்து சேராதவர்கள் பட்டியல். அதை மிஸ் டெலிபோனுக்கு மேலே ஊசியால் குத்தி வைப்பார்.

வழியிலிருந்து டெலிபோன் வந்தால் மிஸ் முதலில் கேட்பது ஒன்றுதான். "நீங்கள் கண்டனீங்களோ? இல்லாட்டி ஆரும் சொன்னவையோ?"

தம்புள்ளையில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த அக்குறணை முஸ்லிம் பெரியவர் ஒருவர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், லொறி கடந்தால் எங்களுக்கு டெலிபோன் எடுத்துச் சொல்வார். அவரைக்கூட மிஸ் விடவில்லை.

"மிஸ், ஒங்கட லொறி இப்பதான் தாண்டிப் பெய்த்து."

"நீங்கள் கண்டனீங்களோ நானா?"

"கடையில நிண்ட பொடியன் செல்லினான்."

"அப்ப பொடியன் சொன்னதெண்டு போடுறன்."

"அல்லாவே! என்னத்தயாச்சும் போடுங்கோ மிஸ்!"

டிரைவர்மாருக்கு இது பெரிய பகிடி. சோற்றுப் பார்சலைப் பிரிக்கும்போது ஒருவன், "கோழி இருக்கா?" என்பான். மற்றவன் மிஸ்ஸின் குரலில், "நீர் கண்டனீரோ, இல்லாட்டி ஆரும் சொன்னவையோ?" என்பான். மிஸ்ஸின் காதில் விழும். சிரிக்கவும் மாட்டார், முறைக்கவும் மாட்டார்.

எனக்கு அது பகிடியாக இருக்கவில்லை. லொறித் தொழிலில் பாதி, டெலிபோனில் சமாளிப்பது. பல்லேகலயில் ஒரு தொழிற்சாலை மெனேஜர், "லொறி எங்கே?" என்று கத்துகிறார். நான் பழக்கதோஷத்தில், "சேர், இப்பதான் கடுகண்ணாவை மலை ஏறுது. அரை மணித்தியாலம்," என்றேன்.

பின்னாலிருந்து மிஸ் உரத்த குரலில், "ஐயா, எங்கையெண்டு தெரியேல்லை எண்டு சொல்லுங்கோ," என்றார்.

மெனேஜருக்கு அது கேட்டுவிட்டது. நான் டெலிபோனை வைத்துவிட்டுக் குதித்தேன்.

"என்ன மிஸ் இது? என் யாவாரத்தைக் கெடுக்கவா வந்தீங்க?"

"தெரியாததைத் தெரியும் எண்டு சொன்னால், தெரிஞ்சதைச் சொல்லேக்கையும் நம்பமாட்டினம் ஐயா."

"முப்பது வருஷமா நான் இப்படித்தான் தொழில் செய்றேன்."

"ஓம். அதுதான் முப்பது வருஷமாக் கத்துகினம்."

அடுத்த வாரம் அதே மெனேஜர் டெலிபோன் எடுத்தார். நான் குரல் கொடுத்ததும், "முதலாளி வேண்டாம், அந்த மிஸ்ஸைக் குடுங்க," என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும்!

இன்னொரு விஷயத்திலும் எங்களுக்குள் இழுபறி இருந்தது. ஆறு மணிப் பட்டியலின் முதல் வரியில் தினமும் ஒரே பெயர் வரும். ந. சிவநேசன். லொறி இலக்கம் இல்லை. புறப்பட்ட இடம் கொழும்பு. சேர்ந்த இடம்: தெரியாது. அப்படி ஒரு டிரைவர் என்னிடம் இருந்ததே இல்லை.

"யாரு மிஸ் இந்த ஆளு? எடுத்துடுங்க. பார்க்கிறவன் நம்ம லொறி ஒண்ணு காணாமப் போச்சுன்னு நினைப்பான்."

"அது புரோகிராம் வேலை செய்யுதோ எண்டு பார்க்கப் போட்டது. முதல் பதிவு. இருக்கட்டும் ஐயா."

"பார்த்தாச்சுல்ல, அழிச்சிடுங்க."

"இதில அழிக்கிற வழி இல்லை."

உண்மைதான். அந்தப் புரோகிராமில் எதையும் அழிக்க முடியாது. ஒன்று பிழையானால் அதற்குக் கீழே, இது பிழை, சரியானது இது, இன்னார் திருத்தினார், இன்ன காரணம் என்று எழுதலாம். பழைய வரியும் கிடக்கும். மிஸ் தன்னுடைய பிழைகளையும் அப்படியே போட்டிருந்தார். இந்தக் காலத்துப் பெரிய கம்பனிகளின் புரோகிராமில் எல்லாம் இப்படி இருக்கிறது என்கிறார்கள். என் யாட்டில் அன்றைக்கே இருந்தது.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மிஸ் ஒரு நாள் லீவு எடுத்துக் கொழும்புக்குப் போவார். எதற்கென்று சொன்னதில்லை. முதல் நாள் காலை ரயிலில் போனால், அடுத்த நாள் பகலுக்குள் திரும்பிவிடுவார். அப்படி அவர் போயிருந்த ஒரு காலையில்தான் நான் அந்த வேலையைச் செய்தேன்.

திருகோணமலைக்குச் சவர்க்காரப் பெட்டி ஏற்றிய லொறி. ஓட்ட வேண்டியவன் பண்டார. என்னோடு பன்னிரண்டு வருடம் இருந்த சிங்கள டிரைவர். ஐந்து மணிக்கு நானே கம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒற்றை விரலால் பண்டாரவின் பெயரைக் குத்தித் தாளை எடுத்தேன். எடுத்து முடித்தபோது பண்டாரவுக்குக் காய்ச்சல் என்று செய்தி வருகிறது. யாட்டில் நின்றது மாரிமுத்து. ஹந்தானைத் தோட்டத்து ஆள். நல்ல டிரைவர், பயந்த சுபாவம்.

"முதலாளி, தாள்ல பண்டாரண்ணன் பேருல்ல இருக்கு?"

"இருந்தா என்னடா?"

"என் ஐடென்டி கார்டுல என் பேரு இருக்கே."

"அட, பண்டாரன்னு மேல இருந்தா சாவடியில பார்க்காமலே விட்டுருவான். உனக்கு நல்லதுதான். ஏறு. நான் இருக்கேன்ல?"

திருத்துவது எப்படி என்று எனக்குத் தெரியாது. அதை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மை அதுதான்.

ஒன்பதரைக்கு நானா டெலிபோன் எடுத்தார். "முதலாளி, மாரிமுத்தப் புடிச்சிட்டாங்க! தாள்ல ஒரு பேரு, ஆள் ஒரு பேரு. சாவடியில நிப்பாட்டி பொலிஸுக்கு ஏத்திட்டுப் போறாங்க. நான் கண்டன், என் கண்ணால கண்டன், மிஸ்ஸுட்ட செல்லுங்கோ!"

அந்தக் காலத்தில் ஒரு தமிழன் வேறு பெயரில் லொறி ஓட்டிக்கொண்டு திருகோணமலைப் பாதையில் அகப்பட்டால் என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. உள்ளே போனவர்களில் திரும்பி வந்தவர்களும் இருந்தார்கள், வராதவர்களும் இருந்தார்கள். மாரிமுத்துவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

பதினொரு மணிக்கு மிஸ் குடையோடு வாசலில் வந்து நின்றார். நான் பாய்ந்து போய் விஷயத்தைச் சொன்னேன்.

"உடனே மாத்துங்க மிஸ். காலையிலிருந்தே மாரிமுத்து பேருதான் இருந்திச்சுன்னு ஒரு தாள் எடுங்க. கொண்டுபோய்க் காட்டிட்டு ஆளைக் கூட்டிட்டு வந்துருவேன்."

"மாத்தேலாது ஐயா."

"செஞ்சது நீங்க. மாத்தவும் உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். செய்யமாட்டன்."

"ஒரு மனுசன் உசிரு மிஸ்!"

"அதுக்காகத்தான் சொல்லுறன். அவையின்ர கையில ஒரு தாள் இருக்கு. நீங்கள் வேற தாள் கொண்டுபோனால் ரெண்டு தாள். ரெண்டில ஒண்டு பொய். பொய்த் தாள் அடிக்கிற கந்தோரின்ர டிரைவரை அவை விடுவினமோ?"

அவர் சைக்கிள் பம்பைக்கூட எடுக்கவில்லை. நேரே உட்கார்ந்து, நான் போட்ட வரிக்குக் கீழே திருத்தத்தைத் திறந்தார். ஓட்டுபவர்: மாரிமுத்து. அடுத்த கட்டத்தில் கை நின்றது.

"காரணம் என்ன ஐயா?"

"போடுங்க, ஏதோ அவசரத்துல..."

"ஆர் அவசரத்தில?"

"கந்தோர் அவசரத்துல."

"கந்தோருக்குக் கையில்லை ஐயா."

என் யாட்டு, என் கம்பியூட்டர், நான் சம்பளம் கொடுக்கும் ஆள். மிஸ்ஸின் விரல் பொத்தானுக்கு மேலே அப்படியே நிற்கிறது. வாசலில் டிரைவர்மார் நாலைந்து பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வாழ்க்கையில் அவ்வளவு கனமாக ஒரு வார்த்தையை நான் தூக்கியதில்லை.

"நான்தான். பிழைன்னு தெரிஞ்சும் முதலாளி அனுப்பினார்னு போடுங்க."

போட்டார். திருத்திய தாளையும் இரண்டு வாரத்துப் பதிவுகளையும் முந்தைய நாள் ஆறு மணிப் பட்டியலையும் சேர்த்து அச்சடித்து எடுத்துக்கொண்டு, "போவம்," என்றார்.

"நீங்க எதுக்கு மிஸ்? யாழ்ப்பாண ஐடென்டியை வெச்சுக்கிட்டு..."

"எழுதினது நான். கேட்டால் ஆர் பதில் சொல்லுறது?"

வேன் கிளம்பும்போது பண்டார வந்துவிட்டான். தலையில் மப்ளர், கண் சிவந்து கிடக்கிறது. "மாத் எனவா முதலாளி," என்று தானும் வருவதாகச் சொல்லி ஏறினான். "பேர் என்னுடைய பேர் தானே. நான் தான் பண்டார என்று சொல்ல நான் வேணும் தானே."

மாத்தளையைத் தாண்டியதும் நான் தாள்களைப் புரட்டினேன். ஆறு மணிப் பட்டியலின் முதல் வரியில் அந்தப் பெயர்.

"மிஸ், இந்த வரியைக் கிழிச்சிடுவோம். ஒரு தமிழ்ப் பேரு, இத்தனை வருஷமா வந்து சேரலன்னு இருக்கு. யாரு, எங்கன்னு கேட்டா அவ்வளவுதான்."

அவர் தாள்களை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "ஒண்டைக் கிழிச்சால் மிச்சமும் பொய்யாப் போகும்."

தம்புள்ளைப் பொலிஸ் நிலையத்தில் எங்களை ஒரு வாங்கில் உட்கார வைத்தார்கள். மாரிமுத்து உள்ளே தரையில் இருப்பது கதவு இடுக்கால் தெரிந்தது. சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. அதிகாரி நடுத்தர வயதுக்காரர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வரி வரியாகப் படித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்.

"இதில் உங்கள் பிழை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதை அழித்துவிட்டு வேறு தாள் அடித்திருக்கலாமே?"

நான் வாயைத் திறப்பதற்குள் மிஸ் சிங்களத்தில், "அழிக்க முடியாது சேர். இது அழிக்காத கம்பியூட்டர்," என்றார்.

அவர் நம்பாமல் மற்றத் தாள்களைப் புரட்டினார். 'லொறி எங்கே என்று தெரியாது, மூன்று மணித்தியாலம்.' 'நான் பிந்தி எழுதினேன், என் பிழை.' 'கடைப் பொடியன் சொன்னது.' ஓரிடத்தில் நின்று உரத்து வாசித்தார். "பண்டார மாமியார் வீட்டில் சாப்பிடப் போனதால் இரண்டு மணித்தியாலம் தாமதம். சொன்னவர் பண்டார." கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "யார் இந்தப் பண்டார?"

மப்ளரோடு பண்டார எழுந்து நின்றான். "நான்தான் சேர். அன்றைக்குப் பலாக்காய்க் கறி."

அதிகாரி சிரித்துவிட்டார். எனக்கு மூச்சு வந்தது. உடனே அது நின்றும் போனது. அவர் கை ஆறு மணிப் பட்டியலுக்குப் போயிருந்தது.

"இது யார், சிவநேசன்? உங்கள் டிரைவரா?"

ஒரு டிரைவர் இருந்தார், விலகிப் போனார் என்று ஒரு பொய் என் நுனி நாக்கில் வந்துவிட்டது. மிஸ் எழுந்து நின்றார்.

"இல்லை சேர். என் தம்பி. கலவரத்தின்போது கொழும்பில் வேலைக்கென்று புறப்பட்டார். வந்து சேரவில்லை."

"எங்கே போனார்?"

"தெரியாது. தெரியாது என்றுதான் போட்டிருக்கிறேன்."

அதிகாரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, தாள்களை ஒழுங்காக அடுக்கி, விளிம்பைத் தட்டி, இரண்டு கையாலும் மிஸ்ஸிடம் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே திரும்பி, "அவனை விடு," என்றார். என்னிடம் மட்டும், "முதலாளி, இனிமேல் கம்பியூட்டரில் கை வைக்காதே," என்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். அன்றைக்கு, "சரி சேர்," என்றேன்.

லொறியைச் சாவடியில் விடுவித்துக் கொடுத்ததும், மாரிமுத்துவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நானே திருகோணமலைக்கு ஓட்டுவதாகச் சொன்னேன். மாரிமுத்து தன் பெயர் போட்ட புதுத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். லொறியில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னான்: "இல்ல முதலாளி, நானே போறேன். இப்ப என் பேருதானே இருக்கு."

திரும்பும் வழியில் வேன் ஆட்டத்தில் மிஸ் காதிலிருந்த பென்சிலை எடுத்துத் தாளின் பின்பக்கம் ஏதோ எழுதினார். மணி ஆறு. அன்றைய பட்டியல். முதல் வரி தம்பி. இரண்டாவது வரி மாரிமுத்து.

அப்போதுதான் நான் கேட்காமலே சொன்னார். தம்பியைத் தேடி அவர் போன ஓரிடத்தில், உள்ளே கொண்டுவந்தவர்களின் பெயர் எழுதும் ஒரு பெரிய புத்தகம் இருந்ததாம். "காலமை பார்க்கேக்க அவன்ர பேர் இருந்தது ஐயா. நான் கண்டனான், ஆரும் சொன்னதில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு பின்னேரம் போனன். பிளேட்டால சுரண்டியிருந்தது. அந்த இடத்தில தாள் மெல்லிசாப் போய், வெளிச்சம் மற்றப் பக்கத்தால வந்தது. அப்பிடி ஒருத்தரும் இருக்கேல்லை எண்டு சொல்லிச்சினம்." பென்சிலைத் திரும்பக் காதில் செருகினார். "அண்டைக்கு நினைச்சனான், நான் எழுதுற ஒண்டிலையும் சுரண்டுற வழி இருக்கக்கூடாதெண்டு."

கொழும்புக்கு ஏன் போகிறார் என்று அதன் பிறகு நான் கேட்கவில்லை. ரயில் டிக்கெட்டை நானே எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் டெலிபோன் வந்தது. "மிஸ், திருகோணமலைக்கு லொறி வந்திருச்சு."

"நீங்கள் கண்டனீங்களோ, இல்லாட்டி ஆரும் சொன்னவையோ?"

"ஐயோ மிஸ், நான்தான் மாரிமுத்து பேசுறேன்!"

மிஸ் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சில வருடங்களுக்குப் பிறகு அம்மா காலமானதும் அவர் வெளிநாட்டில் இருந்த அக்காவிடம் போய்விட்டார். போகும்போது எதையும் கேட்கவில்லை, அந்த முதல் வரியைப் பற்றிக்கூட. குடையை எடுத்துக்கொண்டார். பம்பை விட்டுவிட்டுப் போனார்.

இப்போது என் மகன்மார் கொழும்புக் கம்பனி ஒன்றிடம் புதுப் புரோகிராம் வாங்கியிருக்கிறார்கள். லொறி எந்த வளைவில் நிற்கிறது என்று டெலிபோனிலேயே தெரிகிறது. பழைய பதிவுகளைப் புதியதற்கு மாற்ற இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் என்னிடம் வந்தார்.

"அங்கிள், ஒரு பதிவு ரொம்ப வருஷமா மூடாமக் கிடக்கு. வாகன இலக்கமும் இல்லை. சும்மா போட்டதுபோல இருக்கு. வந்துட்டார்னு போட்டு மூடிடவா?"

"நீங்க கண்டீங்களா?" என்று கேட்டேன். "இல்லாட்டி யாரும் சொன்னாங்களா?"

அவர் விழித்தார். மகன் குறுக்கே வந்து, புதுப் புரோகிராம் லொறி இலக்கம் இல்லாமல் எதையும் ஏற்றுக்கொள்ளாது என்று விளக்கினான். ஏற்றுக்கொள்ளும்படி செய்யுங்கள், இல்லாவிட்டால் உங்கள் புரோகிராமைத் திருப்பிக் கொண்டுபோங்கள் என்றேன். இரண்டு நாள் பிடித்தது. செய்தார்கள். கம்பளையில் எரிந்த சேஸிஸின்மேல் லொறி கட்டியவனிடம் முடியாது என்று சொல்லக்கூடாது.

நேற்று மாலை ஆறு மணிக்குப் பட்டியல் எடுத்தோம். பதினெட்டு லொறியும் வந்து சேர்ந்திருந்தது. தாளில் ஒரே ஒரு பெயர். டெலிபோனுக்கு மேலே நானே குத்தி வைத்தேன்.